தக்காளிக்கு என்று சொன்னான்

மூஞ்சிக்கல் இறக்கத்தில் என் கடை.
மழை பிடித்துக்கொண்டால்
வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது வெளிச்சமில்லை, சூடு.
கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு அறுபது வாட்,
பள்ளிச் சீருடை காய நூறு,
பிள்ளை பெற்று வந்த மருமகள் அறைக்கு
பழைய குண்டு பல்பு கிடைக்குமா என்று
வாசலிலேயே நின்று கேட்ட ஒரு மாமனார்.
எல்.இ.டி.யில் குளிர்காய முடியாது.
நான் அதை மறைத்து விற்றதில்லை.

அவன் வந்தது ஆடியில்.
புருவம் வரை குல்லா.
"வீட்டுக்குள்ள செடி வளக்கணும்க்கா, லைட் வேணும்."
என்ன செடி?
"தக்காளி."

ஊதாவா வெள்ளையா என்றான்.
ஊதா இலைக்குப் பிடிக்கும், கண்ணுக்குப் பிடிக்காது.
அதன் கீழே
நோய் கண்ட இலையும் நல்ல இலையும் ஒரே கறுப்பு.
வெள்ளை வாங்கு, பார்த்தால் பார்த்தது தெரியும் என்றேன்.
பிரகாசபுரத்தில் லூர்துராஜின் கார்னேஷன் கூடாரத்துக்கு
ஏணி ஏறி மாட்டிக்கொடுத்தவள் நான்.
எவ்வளவு உயரத்தில் தொங்கவிட?
இலைமேல் கை வைத்துப் பார்,
கை சுட்டால் இலைக்கும் சுடும்.
கேட்டுக்கொண்டான், தலையாட்டினான்,
ஊதாவையே எடுத்தான்.

பிறகு டைமர்.
பன்னிரண்டு மணி நேரம் எரிய,
பன்னிரண்டு மணி நேரம் அணைய.
"நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம் விழக்கூடாதாம்க்கா.
விழுந்தா பூக்காதாம்."

பில் புத்தகத்தை மூடினேன்.
தம்பி,
பண்ணைக்காட்டில் தெருவிளக்குக்கு அடியிலேயே
காய்க்கிற தக்காளியைப் பார்த்திருக்கிறேன்.
இருட்டுக்குக் கணக்குப் பார்க்கிற தக்காளியைப் பார்த்ததில்லை.

மூக்கு சிவந்தது. குளிராகவும் இருக்கலாம்.

விற்காமல் அனுப்பியிருக்கலாம்தான்.
மாதக் கடைசி.
லைட்டைக் கொடுத்தேன்,
டைமர் ஸ்டாக் இல்லை என்றேன்.
பின் அலமாரியில் நான்கு இருந்தன.
அவன் ஒரு பொய், நான் ஒரு பொய்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

நாயுடுபுரம் சரிவில் அன்று ராத்திரி
மஞ்சு இறங்கியது.
மஞ்சுக்கு ரகசியம் தங்காது.
வெறும் இருட்டில் ஜன்னல் ஜன்னலளவுதான்.
மஞ்சு நின்றுவிட்டால்
அது வீட்டளவு வீங்கி,
பக்கத்து சீகைமரத்தையும் நனைத்து,
ஊரே அண்ணாந்து பார்க்க
ஊதாவாய் மூச்சுவிடும்.
"அந்த வீட்ல என்னம்மா, கிறிஸ்மஸ் இப்பவே வந்துருச்சா?"
பால் ஊற்றும் எஸ்தாக்கி கேட்டார்.
தக்காளி என்றேன்.

டைமர் இல்லாமல் அவனேதான் அணைத்திருக்க வேண்டும்.
ஒருநாள் பத்து மணிக்கு, ஒருநாள் மூன்று மணிக்கு,
ஒருநாள் அணைக்கவே இல்லை.
பூத்திருக்காது.

நாற்பது நாள் இருக்கும்.
லைட்டை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.
"ஊருக்குப் போறேன்க்கா. அப்பாவுக்கு டயாலிசிஸ்."
செடி?
"புடுங்கிப் போட்டுட்டேன்.
கண்ணு ரொம்ப வலிச்சுது."

விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது.
கல்லாவுக்கு மேலே தொங்குகிற போர்டு.
என் கையெழுத்துதான்.
ஆயிரம் கொடுத்தேன், எண்ணாமல் பையில் வைத்தான்.
பெயர் அப்போதுதான் சொன்னான், நிதர்சன்.
நான் கேட்கவில்லை.

லைட் இப்போது என் ஸ்டாக் அறையில்.
அடியில் பெயின்ட் டப்பா,
டப்பாவில் நாட்டுத் தக்காளி.
இஷ்டத்துக்கு எரிய விடுகிறேன், அதற்குக் கவலையில்லை.
கார்த்திகையில்,
வெயில் என்ன நிறம் என்று மலை மறந்திருந்த வாரத்தில்
ஒன்று பழுத்திருக்கிறது.
ஊதாவில் எனக்குத் தெரியவே இல்லை.
இலையோடு இலையாகக் கறுத்துக் கிடந்தது.
காம்பு தானாகக் கழன்று கையில் விழுந்ததும்
ஸ்விட்சை அணைத்துவிட்டு
ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

சிவப்பு.

கடித்துப் பார்த்தேன், ஒரே புளிப்பு.
ரசத்துக்கு ஆகும்.